காத்திருப்பு அறையில் ஒரு பாசித் தொட்டி

கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு பேக்கரியின் மாடியில் என் பல் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவமனை என்றால் இரண்டு அறை. உள்ளறையில் நானும் சிகிச்சை நாற்காலியும். வெளியறையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் எனக்கு உதவியாக இருக்கும் அக்கா. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. நான் உள்ளே மெஷினைப் போட்டால் அந்தச் சத்தம் வாயைத் திறந்து படுத்திருப்பவரைவிட வெளியில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அதிகம் வதைக்கும். மூன்று பேர் காத்திருந்தால் ஒருவர் போன் வந்ததுபோல எழுந்து படியிறங்கிவிடுவார். படியின் கீழே பேக்கரி. பல்வலி என்று வந்த ஒருவர், சத்தத்துக்குப் பயந்து தேங்காய் பன் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

இதை ஒரு நாள் சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். ஒரு பிரச்சினையைக் கேட்டால் அதற்கு விடை சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"மீன் தொட்டி வச்சுருவோம். மீனப் பாத்துக்கிட்டே இருந்தா பயம் போயிரும்," என்றார்.

அந்தச் சனிக்கிழமையே திண்டுக்கல் போய், இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறி வந்தார். வத்தலக்குண்டைத் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரருக்கு வாந்தி வருவதுபோல் ஆகிவிட்டதாம். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கடைசியில் காலியாக இருந்த அந்தத் தொட்டியைப் பார்த்தாராம். "அந்தப் பார்வைய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்," என்று என் கணவர் இப்போதும் சொல்வார்.

கூழாங்கல்லும் பிளாஸ்டிக் தாமரையும் போட்ட தொட்டி இல்லை அது. அடியில் கறுப்பு மண், அதில் நட்ட உயிருள்ள செடிகள், மேலே ஒரு விளக்கு, தண்ணீரைச் சுற்றவிட்டு வடிகட்ட ஒரு ஃபில்டர், செடிகளுக்கென்றே ஒரு பாட்டில் திரவ உரம். குளிர் தாங்கும் என்று கடைக்காரர் உறுதி சொன்ன, உடம்பில் கோடு போட்ட சின்ன மீன்கள் பன்னிரண்டு. எங்கே வைப்பது என்று வந்தபோது, கிழக்கு ஜன்னலை ஒட்டி வைக்கச் சொன்னது நான்தான். அப்போது நவம்பர். காலை பத்து மணிக்கும் எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மூடுபனி. கொடைக்கானலில் என்ன பெரிய வெயில் அடித்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

முதல் மாதம் எங்கள் மருத்துவமனைக்குப் பொற்காலம். யாரும் எழுந்து ஓடவில்லை. சிகிச்சை முடிந்தவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். "பல்லு சரியாயிருச்சுல்ல? கெளம்புங்க," என்று அக்கா சொல்ல வேண்டியிருந்தது. அக்காவின் வீட்டார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். டீயை அவர் 'தேத்தண்ணி' என்றுதான் சொல்வார். பதினொரு மணித் தேத்தண்ணியை மேசையில் குடிக்காமல் தொட்டியின் முன்னால் நின்று குடிக்கும் பழக்கம் அவருக்கு அந்த மாதம்தான் வந்தது.

ஜனவரியில் பனி விலகி வானம் நீலமாகத் துலங்கியது. தொட்டியின் கண்ணாடியில் தவிட்டு நிறத்தில் ஒரு படலம் வந்தது. விரலால் துடைத்தால் போனது. அடுத்த வாரம் அதே இடத்தில் பச்சையாக வந்தது, துடைத்தால் போகவில்லை. பிப்ரவரியில் செடிகளின் நுனியிலிருந்து பச்சை நூல் நூலாகப் பாசி தொங்கியது. மீன்கள் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் ஈறு வீக்கத்துக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார். முந்தின வாரம்தான் பல் தேய்ப்பதில் அவர் காட்டும் அலட்சியத்துக்காக அவரைக் கொஞ்சம் கடுமையாகவே பேசியிருந்தேன். அவர் தொட்டியின் முன்னால் குனிந்து நின்று, நிறைய நேரம் பார்த்துவிட்டு, நான் கதவைத் திறந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"டாக்டர், ரெண்டு வேளையும் தேய்க்கணும், இல்லேன்னா படலம் படிஞ்சு கல்லாயிரும்னு போன வாரம் என்னய அம்புட்டு வஞ்சீங்களே. இதுக்கு யாரு தேய்க்கிறது?"

ஆறு நாற்காலிகளும் சிரித்தன. அக்கா மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அன்று மாலை கணவரிடம் சண்டை போட்டேன். அவர் அமைதியாக ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். தண்ணீரில் இருக்கும் சத்துக்குச் செடியும் பாசியும் போட்டி போடுகின்றன. செடி நன்றாக வளர்ந்தால் பாசி பட்டினியில் செத்துப்போகும். ஆகவே செடியை வளர்க்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து உரத்தை இரண்டு மடங்காக்கினார். எட்டு மணி நேரம் எரிந்த விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டார். படத்தில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் எங்கள் செடிகள் பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகளைப்போல வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன. பாசிதான் அவர் போட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு வளர்ந்தது.

பிறகு 'கிளீனர் மீன்' வந்தது. கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு பாசியை மேய்ந்து தள்ளிவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். அது சூட்டுப் பிரதேசத்து மீன், கொடைக்கானல் தண்ணீரில் விறைத்துப்போய்க் கிடந்தது. அதற்காக ஒரு ஹீட்டர் வாங்கினோம். ஹீட்டர் வந்த நாளிலிருந்து அந்த மீன் அதை விட்டு நகரவில்லை. மே மாதம்கூடக் குளிர் தாங்காமல் ஹோட்டல் அறையில் ஹீட்டர் முன்னாலேயே சீசனைக் கழிக்கும் விருந்தாளிகள் உண்டு, அப்படி. ஹீட்டரைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் கண்ணாடி பளபளவென்று இருந்தது. வெதுவெதுப்பில் மற்ற இடங்களில் பாசி இன்னும் வேகமாக வளர்ந்தது.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே களத்தில் இறங்கினேன். பற்களில் படிந்த காரையைச் சுரண்டுவது என் தொழில். கண்ணாடியில் படிந்ததைச் சுரண்ட எனக்கா தெரியாது? புதிய டூத் பிரஷ் ஒன்று, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று, காரை சுரண்டும் பழைய கருவி ஒன்று. பிரஷ்ஷை நூல் பாசிக்குள் விட்டுச் சுழற்றினால் நூடுல்ஸ்போலச் சுருண்டு வந்தது. அந்த உற்சாகத்தில், மிதக்கும் துண்டுகளை எடுக்க உள்ளறையிலிருந்த சக்ஷன் மெஷினுக்கு ஒரு பழைய நீளக் குழாயை மாட்டி இழுத்து வந்தேன். நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சி எடுக்கிற மெஷின் அது. பாசியை அற்புதமாக உறிஞ்சியது. நடுவில் ஒரு வரி மீனும் குழாயின் வாயில் போய்ச் சிக்கிக்கொண்டு வாலை ஆட்டியது. அலறிக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். மீன் விடுபட்டு, தொட்டியின் மறுகோடிக்குப் போய், என்னைப் பார்த்தபடி நின்றது. அதற்குப் பிறகு நான் தொட்டிக்குப் பக்கத்தில் போனாலே அது ஒன்று மட்டும் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

குழாயைக் கழற்றி எறிந்தேன். மருந்து ஊற்றி மெஷினைக் கழுவினேன். உள்ளே ஒரு வடிகட்டி இருப்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

புதன்கிழமை சக்ஷன் நின்றுபோனது. வியாழக்கிழமை மதுரையிலிருந்து மெஷின் பழுது பார்க்கிறவர் வந்தார். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று மெஷினைத் தூக்கி வந்து வெளியறை மேசையில் வைத்துப் பிரித்தார். நாற்காலிகளில் ஐந்து பேர். அவர் வடிகட்டியைத் திறந்து, இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். வந்தது, வந்தது, ஒரு முழ நீளத்துக்குப் பச்சையாக வந்துகொண்டே இருந்தது.

அவர் அதைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "டாக்டர், இது யாரு வாயில இருந்து வந்துச்சு?"

இரண்டு பேர் எழுந்து படியிறங்கிவிட்டார்கள். அக்கா மோவாயால் தொட்டியைக் காட்டினார். மெஷின்காரர் தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மீனுக்கும் பல்லு பாக்குறீங்களா?"

அவர் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்து கணவர் கண்டுபிடித்தது இருட்டு வைத்தியம். மூன்று நாள் துளி வெளிச்சம் காட்டாமல் மூடி வைத்தால் பாசி செத்துவிடும், செடி தாங்கிக்கொள்ளும். வீட்டிலிருந்த கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்து தொட்டியை நாலு பக்கமும் போர்த்திக் கயிறு கட்டினார். முதல் நாள் வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இரண்டாம் நாள் ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் நான் வெளியே எட்டிப் பார்த்தபோது கம்பளியின் மேல் ஒரு செம்பருத்திப் பூவும், பழனி விபூதிப் பொட்டலம் ஒன்றும் இருந்தன.

"அக்கா, என்ன இது?"

"நான் என்னத்தச் சொல்ல, டாக்டரம்மா? உள்ள என்னன்னு கேட்டாங்க. பாசின்னேன். பாசி மாலையான்னு கேட்டாங்க. நான் போன்ல பேசிக்கிட்டே ஆமான்னுட்டேன் போல. சார் ஊரு பழனின்னு வேற எல்லாருக்கும் தெரியும். சாமிக்குப் போட்ட மாலைய வச்சு மூடியிருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க."

கம்பளியை எடுத்தபோது உண்மையிலேயே நூல் பாசி வெளிறிச் செத்துக் கிடந்தது. தண்ணீர் பாதியை மாற்றினோம். கணவர் அன்று தெருவில் நடந்த நடையே வேறு. பத்து நாளில் பாசி திரும்பி வந்தது. பட்டினி கிடந்து வந்தது போல முன்னிலும் வேகமாக வளர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் பூம்பாறையிலிருந்து ஒரு பெண் வேர் சிகிச்சைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். படிப்படியாக இறங்கும் வயலில் பூண்டும் கேரட்டும் போடுகிறவர். கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியில் உட்காரவைத்தேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடப் போனால் அவர் தொட்டியின் முன்னால் மண்டியிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மரத்துவிட்டதால் பகரமெல்லாம் காற்றாகப் போனது.

"ஒரம் யாரு ஃபோடுறது?"

"வீட்டுக்காரர்," என்றேன்.

"எம்ஃபுட்டு?"

பாட்டிலைக் காட்டினேன். அதன் மூடியால் இரண்டு மூடி, தினமும் என்றேன். அவர் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. சிகிச்சை முடிந்து, மரப்பு கொஞ்சம் தெளிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"எண்ணி ஏழு செடி இருக்கு, அதுவும் வளராம நிக்கிது. அதுக்கு இம்புட்டு ஒரத்தக் கொட்டுனா அது எப்பிடிங்க திங்கும்? எங்க பூண்டுக்காட்டுலயும் மொளச்சு வர்றதுக்கு முன்னாடி ஒரத்த எறச்சா களதான் மொதல்ல எந்திரிக்கும். போதாததுக்கு சன்னல ஒட்டி வச்சிருக்கீங்க. காலைல வெள்ளனே வெயிலு உள்ள பாயுது, மேல லைட்டு வேற எரியுது. பாசி வராம என்ன செய்யும்?"

சாவி வாங்க வந்த என் கணவர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் என்று தொடங்கி அவருக்கு விளக்கினார். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "தெரியும் சார், மூட்டையில எழுதியிருக்கும்," என்றார்.

அடுத்த வாரம் இரண்டாம் முறை வந்தார். முதல் பஸ்ஸில் வந்துவிட்டதால் நான் வருமுன்பே வெளியறையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒரு குழந்தையின் பால்பல்லைப் பிடுங்கும் வேலை நீண்டுபோனது. பதினொன்றரை மணிக்குத்தான் அவரைக் கூப்பிட்டேன். நாற்காலியில் சாய்ந்ததும், வாயைத் திறக்குமுன், "ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க மீனுக்கு எத்தன வேள சாப்பாடு?" என்றார்.

"ஒரு வேளைதான். காலைல நான் போடுவேன்."

"நான் வந்ததுல இருந்து நாலு வேள ஆயிருச்சு," என்றார்.

அவர் விரல் விட்டுச் சொன்னார். எட்டரைக்குக் கதவைத் திறந்ததும் அக்கா ஒரு சிட்டிகை போட்டார். ஒன்பதுக்கு நான் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு உள்ளே போனேன். ஒன்பதே முக்காலுக்கு என் கணவர் ஏதோ மறந்துவிட்டதாக வந்து, போகும்போது ஒரு சிட்டிகை. பதினொன்றுக்கு அக்காவின் தேத்தண்ணி. அதில் தோய்த்த பிஸ்கட்டில் ஒரு துண்டு. இது போக, தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் பையிலிருந்து பொரி எடுத்துப் போட்டாராம்.

நான் கதவைத் திறந்து அக்காவைப் பார்த்தேன். எங்கள் பேச்சு முழுவதும் பிளைவுட் வழியாகக் கேட்டிருந்தது. அவர் முகம் சிவந்திருந்தது.

"கண்ணாடிக்கிட்ட போனா ஓடி வந்து வாயத் தொறக்குதுங்க, டாக்டரம்மா. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்கிறது? நீங்க போடுறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க மறந்துருவீங்கன்னு சார்தான் எங்கிட்டச் சொன்னாரு."

"அவரே போடுறாரே!"

"அவரு நான் மறந்துருவேன்னு போட்டிருப்பாரு."

அக்காவின் தலைக்கு மேலே, நானே எழுதி ஒட்டிய அட்டை இருந்தது: 'சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் நொறுக்குத் தீனி வேண்டாம்.' அதன் நேர் கீழேதான் இவ்வளவும் நடந்திருக்கிறது. தின்றது போக மிஞ்சிய தீனி மண்ணில் விழுந்து அழுகி, கணவர் ஊற்றிய இரட்டை உரத்தோடு சேர்ந்து பாசிக்கு மூன்று வேளை விருந்தாகியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு வேலையைத் தொடங்கியபோதும், வாயைத் திறந்து வைத்திருந்த அந்தப் பெண்ணின் தோள் குலுங்கியது. சிரிக்காமல் இருங்கள், ஊசி குத்திவிடும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலை நான், கணவர், அக்கா மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். தீனி டப்பா மரப்பு மருந்து வைக்கும் அலமாரிக்குள் போனது, சாவி என்னிடம். உர பாட்டில் வீட்டுக்குப் போனது. இதற்குக் கணவர் உடனே சம்மதிக்கவில்லை. வாரம் ஒரு முறை அரை மூடி என்று பேரம் பேசி முடித்தோம். விளக்குக்கு டைமர் மாட்டி ஆறு மணி நேரமாக்கினோம். ஞாயிற்றுக்கிழமை பேக்கரியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, தண்ணீரை வடித்து, தொட்டியை ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். தூக்கும்போது கிளீனர் மீனைக் காணவில்லை. வாளியில், தண்ணீரில், மண்ணில் தேடிவிட்டு, கடைசியில் பார்த்தால் கழற்றி வாளிக்குள் போட்டிருந்த ஹீட்டருக்குப் பக்கத்தில், வாளியின் அடியில், அதே பிடிவாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை வந்தபோது பூம்பாறைப் பெண் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கட்டுக் கீரையைக் கொண்டுவந்தார். அவர் வயலுக்கு மேலே ஊற்று ஓடையில் மண்டிக் கிடக்கிற நீர்க்கீரை. "மருந்தடிச்ச தண்ணி எறங்காத எடத்துலதான் பறிச்சேன், மீனுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டு, இலை வெளியே நிற்கும்படி ஓரத்தில் செருகச் சொன்னார். குளிர் அதற்குப் பழகியதுதானே. ஒரே வாரத்தில் வேர் வெள்ளைத் தாடிபோலத் தொங்கியது. இரண்டு வாரத்தில் அக்கா அதைக் கிள்ளிக் கடையலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். அந்தக் கட்டோடு ஏழெட்டு நத்தைகளும் வந்திருந்தன. அவை கண்ணாடியில் மெதுவாகக் கோடு போட்டபடி மேய்ந்தன. ஹீட்டர்க்காரர் செய்ய மறுத்த வேலையை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டன.

பாசி ஒரே நாளில் போகவில்லை. ஏப்ரல் முழுவதும் வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினோம். நூல் பாசியை பிரஷ்ஷில் சுற்றி எடுத்தேன். சக்ஷன் மெஷினைத் தொடவே இல்லை. நூல் சன்னமாகியது. புதிதாக விட்ட இலைகள் சுத்தமாக வந்தன. மே முதல் வாரத்தில் ஒரு நாள் போஸ்ட்மாஸ்டர் வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, போய் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவருடைய ஈறும் கொஞ்சம் தேறியிருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

பூம்பாறைப் பெண் நான்காம் முறை வந்து பல்லுக்கு உறை போட்டுக்கொண்டு போனார். கண்ணாடியில் பல்லைப் பார்த்ததைவிட வெளியில் வந்து தொட்டியைப் பார்த்த நேரம்தான் அதிகம். "வெரசா கெளம்பணும், பஸ்ஸு போயிரும்," என்று சொல்லிக்கொண்டே கால் மணி நேரம் நின்றார். போகும்போது அடுத்த வருஷம் பூண்டு எடுக்கையில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். நான் பதிலுக்கு, கடினமான எதையும் அந்தப் பக்கம் கடிக்காதீர்கள் என்றேன். பல் டாக்டருக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

இப்போது சீசன். மாடிப்படி முழுவதும் முறுக்குக் கடித்துப் பல் உடைந்த சுற்றுலாக்காரர்கள். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பாசி இன்னும் இருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார் கணவர். மீன்கள் அதைக் கொத்திக்கொண்டிருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறேன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தண்ணீர் மாற்றுகிறார், நான் கண்ணாடி தேய்க்கிறேன், இரண்டு பேரும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் அவர் கையில் ஒரு புதிய உர பாட்டில் இருந்தது. ரோஜாச் செடிக்கு என்றார். அதன் மேல் மீன் படம் போட்டிருந்தது.